கிழக்கே என்று சொன்னவள்

மர்ரிகுண்டா
18 ஜூன் 1999, வெள்ளி இரவு

என் ஸ்வரூபாவுக்கு,

உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன், இதை யாருக்கும் காட்டாதே. படித்ததும் ஹாஸ்டல் அடுப்பில் போட்டுவிடு. உன் அம்மா நர்சவ்வ அத்தைக்கும் படித்துச் சொல்லாதே. அவள்தான் இதைப் பீடிக் கட்டுகளுக்கு நடுவில் ஒளித்து எடுத்து வருகிறாள். "என்ன பிட்டா இவ்வளவு கனமா இருக்கு, சோள ரொட்டிய மடிச்சு வச்சிட்டியா?" என்று மகளைக் கேட்கிற மாதிரி கேட்டாள். அவளுக்கு எழுத்து தெரியாதது நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு உடனே வெட்கமாகவும் இருந்தது.

பள்ளிக்கூடம் திறந்தும் ஏன் வரவில்லை என்று கேட்டிருந்தாய். ஊரில் பேசிக்கொள்வது உன் காதுக்கும் வந்திருக்கும். பாலமணிக்கு அம்மன் போச்சம்மா வந்துவிட்டாள், செவ்வாய்க்கிழமைதோறும் வாக்குச் சொல்கிறாள் என்று. ஸ்வரூபா, போச்சம்மா வரவில்லை. யாரும் வரவில்லை. நான்தான் ஆடினேன்.

என் தாய்மாமன் சத்தையாவை உனக்குத் தெரியும். அவர் மனைவி போன வருடம் இறந்ததிலிருந்து குழந்தை சாயிலு எங்கள் வீட்டில்தான் பாதி நாள் இருக்கிறான். மே மாதம் ஒருநாள் சாப்பிடும்போது அப்பா சொன்னார்: "ஒன்பதாவது படிச்சது போதும். சத்தையா பிள்ளைக்கு ஒரு ஆள் வேணும். வெளிய எங்க போய்த் தேடுறது?" அம்மா தட்டில் புளிச்சக்கீரையைப் போட்டுக்கொண்டே இருந்தாள், வழியும்வரை. அவ்வளவுதான் அவள் சொன்ன பதில்.

எனக்கும் மாமாவுக்கும் போச்சம்மா கோவில் முன்னால் வைத்துத் தாம்பூலம் மாற்றிக்கொள்வதாக முடிவு. அதற்குள் அப்பாவிடம் 'மாட்டேன்' என்று சொல்லிவிட வேண்டும் என்று மாட்டுக்கொட்டகையில் நின்று சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். எருமையிடம் நன்றாகவே வந்தது. அப்பா எதிரில் வந்து நின்றால் எனக்கு நாக்கே ஒட்டிக்கொள்ளும், உனக்குத் தெரியாதா.

தாம்பூலத்தன்று தப்பு மேளம் அடித்தார்கள். சாம்பிராணிப் புகை. சித்தி என் கன்னத்தில் மஞ்சள் பூச வந்தாள். அந்தக் கை என் முகத்தைத் தொட்டதும் உடம்பு நடுங்க ஆரம்பித்தது. அது பயத்தில் வந்த நடுக்கம். அதை நிறுத்தியிருக்கலாம். நான் நிறுத்தவில்லை. கூந்தலை அவிழ்த்து உதறினேன். "ஐயோ, பிள்ளைக்கு அருள் வந்திருச்சு!" என்று யாரோ கத்தினார்கள். மஞ்சள் தண்ணீரைத் தலையில் ஊற்றினார்கள். வேப்பிலையைக் கையில் திணித்தார்கள். அப்பா எதிரில் வந்து கைகூப்பினார்.

"யாரு தாயி நீ?"

"போச்சம்மாடா!"

ஆமாம், ஸ்வரூபா. அப்பாவை டா என்றேன்.

"என்ன தப்பு பண்ணோம் தாயி?"

"என் பிள்ளைய எவன்டா மணையில ஏத்துறது? அவளைத் தொட்டா இந்த ஊரு விளங்காதுடா!"

அப்பா அப்படியே தரையில் விழுந்து என் காலில் தலையை வைத்தார். அவருடைய உச்சந்தலை வழுக்கையாகிக் கொண்டிருப்பதை அன்றுதான் பார்த்தேன். தாம்பூலத் தட்டைத் திருப்பி எடுத்துப் போனார்கள்.

தப்பித்தேன் என்று நினைத்தேன். ஆனால் சாமி வந்த பெண்ணை ஹாஸ்டலுக்கு யார் அனுப்புவார்கள்? இப்போது நான் தனி அறையில் படுக்கிறேன். என் தட்டில் வேறு யாரும் சாப்பிடுவதில்லை. வாரா வாரம் ஈரப் புடவையில் ஆடுகிறேன். ஒருநாள் கண்டுபிடித்துவிடுவார்கள் என்ற பயத்தில் தூக்கம் வருவதில்லை.

ஒரு வரியாவது எழுது. என்னைத் திட்டியாவது எழுது.

உன்
பாலமணி


ஹாஸ்டல்
25 ஜூன் 1999

போச்சம்மா தாயின் பாத கமலங்களில் பக்தை ஸ்வரூபா விழுந்து கும்பிட்டு எழுதிக்கொண்டது.

தாயே, அடுத்த செவ்வாய்க்கிழமை எங்கள் ஹாஸ்டல் சமையல்காரருக்கு ஒரு வாக்குச் சொல்லவும். பருப்புக் குழம்பில் பருப்பு போட வேண்டும், இல்லாவிட்டால் அந்த ஆளுக்கு மீசை முளைக்காமல் போகும் என்று.

அடி பாலி, உன் அப்பாவை டா போட்ட இடத்தில் நான் போர்வைக்குள் சிரித்த சிரிப்பில் வார்டன் எழுந்து வந்துவிட்டாள். "என்னடி, பேய் பிடிச்சிருக்கா?" என்றாள். பேய் எனக்கில்லை மேடம், என் தோழிக்குத்தான் சாமி பிடித்திருக்கிறது என்று வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டேன். கடிதம் அடுப்பில் போய்விட்டது. பயப்படாதே.

சிரித்து முடித்ததும் அழுகை வந்தது. உன் இடத்தில் கூடூரிலிருந்து வந்த ஒரு பெண்ணை உட்காரவைத்திருக்கிறார்கள். இந்த இடத்துக்கு ஆள் வரும், அதிகமாகப் பரப்பிக்கொண்டு உட்காராதே என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

உனக்கு மூளை இல்லையா? கல்யாணத்தை நிறுத்தச் சொன்ன போச்சம்மா, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பச் சொல்ல மாட்டாளா? சொல்லச் சொல்லு. நம் ஊரில் உன் அப்பாவை அதட்ட வேறு யாருக்குத் தைரியம் இருக்கிறது?

இன்னொன்று. ஒன்றாம் வகுப்பிலிருந்து உன்னைத் தெரியும். டீச்சர் கேட்டால்கூடக் காற்றில் பேசுவது மாதிரி பேசுவாய். அந்தக் குரல் எங்கிருந்தடி வந்தது? யோசித்துச் சொல்லு.

அம்மா வாரம் முழுக்கப் பீடி சுற்றி விரல் நுனியெல்லாம் வெடித்திருக்கிறாள். நீ போகும்போது வரும்போது ஒரு வார்த்தை பேசு. கிழக்குக் கோடியில் தனியாகக் கிடக்கிறாள். உன்னைப் பார்த்தால் என்னைப் பார்த்த மாதிரி இருக்கிறதாம்.

சிரிப்பும் கவலையுமாக
ஸ்வரூபா


மர்ரிகுண்டா
16 ஜூலை 1999, வெள்ளி இரவு

அன்பு ஸ்வரூபாவுக்கு,

நீ சொன்னதைச் செய்து பார்த்தேன். "என் பிள்ளைய பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்கடா!" என்று மூன்று முறை கத்தினேன். எல்லாரும் கூடிக் கூடிப் பேசினார்கள். கடைசியில் அப்பா அர்த்தம் கண்டுபிடித்தார். "தாயி பள்ளிக்கூடம்னு சொல்றது கூடத்தை. தனக்குக் கூடம் கட்டச் சொல்றா." இப்போது கோவிலை ஒட்டித் தகரக் கூரை போட்டு எனக்கு ஒரு கூடம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். உனக்குச் சிரிப்பு வரும். எனக்கும் அன்று வந்தது. அழுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன்.

அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று கேட்டிருந்தாய். அதைச் சொல்லவே பயமாக இருக்கிறது.

போன மாதம் கடைசிச் செவ்வாய் அப்பா கள்ளுப் படையல் வைத்துக் கும்பிட்டார். அவர் முந்தின நாள்தான் அம்மாவை விறகுக் கட்டையால் அடித்திருந்தார். அம்மா பின்னால் நின்று ஒரு கையால்தான் கும்பிட்டாள். மற்றொரு கை தூக்க வரவில்லை. நான் ஆடிக்கொண்டே அப்பாவின் தலைமுடியைப் பிடித்தேன். "இன்னொரு தரம் அவ மேல கை வச்சே, அந்தக் கை அழுகிப்போகும்டா!" என்றேன். அதிலிருந்து இன்றுவரை அடிக்கவில்லை. கட்டையை எடுக்கிறார், என் அறைப் பக்கம் பார்க்கிறார், கீழே போட்டுவிடுகிறார்.

ஸ்வரூபா, அதைச் சொன்னது போச்சம்மா இல்லை. ஆறு வயதிலிருந்து நான் சொல்ல நினைத்தது அது. வார்த்தைக்கு வார்த்தை என்னுடையது. ஊரை ஏமாற்றும்போதுதான் நான் உண்மை பேசுகிறேன். மற்ற ஆறு நாளும் "சரிப்பா, சரிம்மா" என்று நல்ல பெண்ணாக இருக்கிறேனே, அதுதான் பொய். இதில் எது நடிப்பு என்று எனக்கே குழம்பிவிட்டது. செவ்வாய்க்கிழமை வரட்டும் என்று சில நாள் ஆசையாகக்கூட இருந்தது. இதைப் படித்து என்னை வெறுக்காதே.

இப்போது அந்த ஆசை போய்விட்டது. சாயிலு இறந்துவிட்டான்.

வாந்தியும் பேதியும். ஊரில் வேறு குழந்தைகளுக்கும் இருக்கிறது. தேவுலு வீட்டுக் கைக்குழந்தையும் போய்விட்டது. மாமா சாயிலுவைத் தோளில் போட்டுக்கொண்டு டவுன் ஆஸ்பத்திரிக்கு ஓடினார். பாதி வழியில் திரும்பிவிட்டார். அந்தக் குழந்தை எப்போதும் என் பின்னலைப் பிடித்துக்கொண்டு நடக்கும். நான் அவனுக்கு அம்மாவாக வந்திருந்தால் பிழைத்திருப்பானோ என்று அம்மா கேட்டாள். என்னைக் குறைசொல்லக் கேட்கவில்லை. சும்மா கேட்டாள். அது போதுமாக இருந்தது எனக்கு.

போன செவ்வாய் மாமா வந்து என் முன்னால் உட்கார்ந்தார். "என் பிள்ளைய எது தின்னுச்சு தாயி? சொல்லு. சொல்லாம நான் எழுந்திருக்க மாட்டேன்."

எனக்குத் தெரியும், எது என்று. மழைத் தண்ணீர் சாக்கடையோடு கிழக்குக் கிணற்றில் இறங்குகிறது. தண்ணீர் கலங்கிப் போய் நாறுகிறது. அறிவியல் டீச்சர் சொன்னது நினைவிருக்கிறதா, கொதிக்கவைக்காத தண்ணீர்? ஆனால் போச்சம்மா எப்படி 'தண்ணிய காய்ச்சிக் குடிங்க' என்று சொல்வாள்? சாமி மாதிரி சொல்ல வேண்டுமே. அதனால் கையை நீட்டி, "கிழக்கே! கேடு கிழக்கே இருக்குடா! அதைத் தீண்டாதீங்கடா!" என்றேன். எல்லாரும் கிழக்கே திரும்பிப் பார்த்தார்கள். இனி அந்தக் கிணற்றில் யாரும் தண்ணீர் எடுக்க மாட்டார்கள். இதையாவது உருப்படியாகச் செய்தேன் என்று இருக்கிறது.

நீ அழாதே. சாயிலு உனக்கும் பிடித்தவன் என்பதால் சொன்னேன்.

பாலமணி


ஹாஸ்டல்
23 ஜூலை 1999

பாலமணிக்கு,

கிழக்கே கிணறு மட்டும்தான் இருக்கிறதா? எங்கள் வீடு எங்கே இருக்கிறது?

போன வாரம் அம்மா வந்தபோது நெற்றியில் துணி கட்டியிருந்தாள். கதவில் இடித்துக்கொண்டேன் என்றாள். என் அம்மாவுக்குப் பொய் சொல்லத் தெரியாது, உன்னைப் போல இல்லை. குடைந்து கேட்டேன். "யாரோ பசங்க கல்லு போட்டாங்க பிட்டா. சாயிலுக்கு நான் ஒருநாள் கஞ்சி குடுத்தேனாம். அதுல பாணாமதி வச்சேனாம். போச்சம்மாவே என் வீட்டுப் பக்கம் கைய நீட்டினாளாம்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். "நான் சூனியக்காரியா இருந்தா இந்தப் பீடியெல்லாம் தானா சுத்திக்காதா?" என்றாள்.

அவள் சிரித்ததை என்னால் தாங்க முடியவில்லை.

அந்தக் கஞ்சியை அவள் ஏன் கொடுத்தாள் தெரியுமா? உன் மாமா வயலுக்குப் போய்விட்டார், நீ அன்று கோவிலில் ஆடிக்கொண்டிருந்தாய், பிள்ளை பசியில் அழுதது. அதனால்.

விதவை. கோடி வீடு. ஆண்பிள்ளை இல்லாத வீடு. ஊருக்கு ஒரு விரல் நீட்டினால் போதும், மீதியை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். இது உனக்குத் தெரியாதா? தெரியும். அந்த நேரத்தில் சாமி மாதிரி பேசுவது அழகாக இருந்திருக்கும்.

நீ வாயைத் திறந்து கெடுத்தாய். நீயே வாயைத் திறந்து சரி செய். போச்சம்மாவுக்கு நான் எழுதவில்லை. அவளிடம் கேட்க எனக்கு ஒன்றுமில்லை.

ஸ்வரூபா


மர்ரிகுண்டா
26 ஜூலை 1999, திங்கள் இரவு

ஸ்வரூபா,

உன் கடிதம் வந்தது. நீ எழுதியது அத்தனையும் சரி. ஒரு எழுத்துக்கும் நான் பதில் சொல்லப் போவதில்லை. நடந்ததையும் நாளைக்கு நடக்கப்போவதையும் மட்டும் எழுதுகிறேன். விளக்கில் எண்ணெய் கொஞ்சம்தான் இருக்கிறது.

உன் அம்மாவின் நெற்றிக் காயத்தைப் பார்த்ததும், உன் கடிதம் வருவதற்கு முன்பே, போன செவ்வாய்க்கிழமையே நான் சரி செய்யப் பார்த்தேன். "கேடு கிணத்துல இருக்குடா! நர்சவ்வ என் பிள்ளைடா! அவளைத் தொடாதீங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். கூட்டத்தில் ஒருத்தி, "பாருங்க, தாயியோட வாயையே கட்டிட்டா அந்தப் பாணாமதிக்காரி. போன வாரம் சொன்னதை இந்த வாரம் மாத்திச் சொல்ல வைக்கிறா," என்றாள். எல்லாரும் ஆமாம் என்றார்கள். கிணற்றுக்கு ஆடு வெட்டினார்கள், மஞ்சளும் எலுமிச்சம்பழமும் போட்டார்கள். அன்று மாலையே அந்தத் தண்ணீரைத் தீர்த்தம் என்று குடித்தார்கள். என் வாயிலும் ஊற்றினார்கள்.

அவர்கள் ஏற்கெனவே நினைத்திருப்பதைச் சொன்னால் நான் போச்சம்மா. வேறு எது சொன்னாலும் யாரோ என் வாயைக் கட்டிவிட்டார்கள். அப்பா விஷயத்தில் மட்டும் எப்படி நடந்தது என்று யோசித்தேன். அப்பா தப்பு என்று அவருக்கே உள்ளே தெரிந்திருக்க வேண்டும். அதனால்தான் பயந்தார்.

இன்று சாயங்காலம் அப்பாவும் மாமாவும் என் அறைக்கு வந்தார்கள். மாமா மெலிந்துபோயிருக்கிறார். சாயிலுவின் வெள்ளி அரைஞாணை மணிக்கட்டில் சுற்றியிருக்கிறார்.

"நாளைக்கு அவளைக் கூட்டிட்டு வந்து உன் முன்னால நிறுத்துவோம்," என்றார் அப்பா. "நீ ஒண்ணும் பேச வேணாம். பேசினாத்தான் அவ கட்டுறாளே. வேப்பிலைய அவ தலையில வை. அது போதும். மீதிய நாங்க பாத்துக்கறோம்."

"என்ன பாப்பீங்க?" என்று கேட்டேன். இது என் சொந்தக் குரல். அப்பா எதிரில் முதல் தடவை வந்தது, மெதுவாகத்தான் வந்தது.

"அது உனக்கெதுக்கு?"

மாமா சொன்னார். கெட்ட மனதோடு சொல்லவில்லை ஸ்வரூபா, அதுதான் பயமாக இருந்தது. "முன்பல்லு போயிட்டா மந்திரம் சொல்ல வராது பிட்டா. கொல்லன்கிட்ட இடுக்கி வாங்கி வச்சிருக்கேன். உசுருக்கு ஒண்ணும் ஆகாது. வேற பிள்ளைங்க சாகாம இருக்கணும்ல?"

"மாமா, நர்சவ்வ அத்தை ஒண்ணும் பண்ணல. அன்னிக்கு நான்தான்..."

அப்பா என் வாயைப் பொத்தினார். அடிக்கவில்லை. மாமா முன்னால் சாமியை அடிக்க முடியாது. "பாத்தியா சத்தையா? இப்பவே கட்ட ஆரம்பிச்சிட்டா," என்றார். அவர் கண்ணைப் பார்த்தேன். அவருக்குத் தெரியும், ஸ்வரூபா. என்றைக்கிலிருந்து என்று தெரியவில்லை. நான் நடிக்கிறேன் என்று அப்பாவுக்குத் தெரியும். தகரக் கூடம் வந்துவிட்டது, பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து அவருக்கும் சேர்த்துக் கும்பிடு போடுகிறார்கள். இனி நான் வெறும் பாலமணியாக ஆவதை அவர் விடமாட்டார்.

அவர்கள் போனதும் எருமைக்குத் தண்ணீர் காட்டப் போகிறேன் என்று கிளம்பி உன் அம்மாவிடம் ஓடினேன். எல்லாவற்றையும் சொன்னேன். நான் ஆடியதும் பொய் என்று சொன்னேன். அவள் பீடி இலையை வெட்டிக்கொண்டே கேட்டாள். "எனக்குத் தெரியாதா? நீ ஆடும்போது உன் கால் கட்டைவிரலு எப்பவும் கல்லு முள்ளு பாத்துத்தான் விழும்," என்றாள். கோபப்படவே இல்லை. ஓடிவிடு அத்தை என்று காலில் விழுந்தேன்.

"நான் ஓடினா அப்புறம் அது உண்மையாயிடும் பிட்டா. என் வீடு, என் புருஷன் கட்டின வீடு. வரட்டும். நாலு வார்த்தை நானும் கேக்கறேன்."

நாலு வார்த்தை கேட்க யார் விடுவார்கள்?

அதனால் இன்னொரு பொய் சொன்னேன். வாசல்வரை போய்த் திரும்பி வந்து சொன்னேன். உனக்குக் கடுமையான காய்ச்சல், அம்மா அம்மா என்று பிதற்றுகிறாய் என்று ஹாஸ்டலிலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான், அத்தை பயந்துவிடுவாள் என்றுதான் மறைத்தேன் என்று. கத்தரிக்கோல் அவள் கையிலிருந்து விழுந்துவிட்டது. முதல் பஸ்ஸுக்குக் கிளம்புகிறாள். விடிவதற்கு முன் என் அறையின் பின்ஜன்னலுக்கு வந்து இந்தக் கடிதத்தை வாங்கிக்கொள்வாள். காய்ச்சலுக்கு மருந்து எழுதியிருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

அவள் வந்து நீ நன்றாக இருப்பதைப் பார்த்ததும் உன்னையும் திட்டுவாள், என்னையும் திட்டுவாள். அடுத்த பஸ்ஸில் திரும்பப் பார்ப்பாள். விடாதே. அழு, சண்டை போடு, நிஜமாகவே கீழே விழுந்து காலைப் பிடித்துக்கொள். இந்தக் கடிதத்தை உன் ஹெட்மிஸ்ட்ரஸ் மேடத்திடம் கொடுத்துப் போலீசுக்குப் போகச் சொல். என் பெயரை மறைக்க வேண்டாம்.

நாளைக்கு நான் ஆடமாட்டேன். தலையைப் பின்னிக்கொண்டு, பள்ளிக்கூடத்து நீலப் பாவாடையைக் கட்டிக்கொண்டு போகப் போகிறேன். அது கொஞ்சம் குட்டையாகிவிட்டது. தப்பு அடிக்கும்போது நின்றுகொண்டிருப்பேன். பிறகு சொல்வேன். இப்போது சுவரைப் பார்த்துச் சொல்லிப் பார்க்கிறேன். 'என் பெயர் பாலமணி. ராஜலிங்கத்தின் மகள். எனக்குச் சாமி வரவில்லை, கல்யாணத்துக்குப் பயந்து நடித்தேன். கிழக்கே என்று சொன்னது நான். கிணற்றைச் சொன்னேன். தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள்.'

மிகவும் சின்னக் குரலாக இருக்கிறது. எருமைக்குக் கேட்கும், பின்வரிசைக்குக் கேட்குமா என்று தெரியவில்லை. ஆனால் கத்தினால் மறுபடி போச்சம்மா ஆகிவிடுவேன்.

என்ன செய்வார்கள் என்று யோசிக்காமல் இல்லை. பாணாமதிக்காரி ஓடிவிட்டாள், போகும்போது தன் வித்தையை இவளிடம் விட்டுப் போய்விட்டாள் என்று யாராவது ஒருத்தி சொன்னால் போதும். இடுக்கி மாமாவிடம் தயாராக இருக்கிறது. எழுதும்போதே நாக்கால் என் முன்பற்களைத் தடவிப் பார்த்துக்கொள்கிறேன். பால் பல் விழுந்தபோது நீதானே என் பல்லை உங்கள் கூரைமேல் வீசினாய். அது மாதிரி வலிக்காமல் இருக்காது.

அம்மாவிடம் சொல்லலாமா என்று பார்த்தேன். அவள் சுவருக்கு அந்தப் பக்கம் விழித்துத்தான் இருக்கிறாள், வளையல் சத்தம் கேட்கிறது. சொன்னால் அழுவாள். அழுதால் அப்பா எழுந்துவிடுவார்.

ஸ்வரூபா, நீ என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்கவில்லை. கூடூர்ப் பெண்ணிடம் அந்த இடத்தை அவளே வைத்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிடு. ஆனால் நீ கேட்டிருந்தாயே, அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று, அதற்கு இப்போது

கதவு தட்டுகிறார்கள். உன் அம்மா பின்ஜன்னலுக்குத்தான் வருவதாகச் சொன்னாள். இது வாசல் பக்கம். ஒரு ஆள் இல்லை, இரண்டு மூன்று பேர், மாமா குரலும் கேட்கிறது. இதைப் பின்ஜன்னல் கம்பியில் செருகிவிட்டு